ஆடும் ஜன்னல் கைப்பிடி, சும்மா சுற்றும் ஸ்க்ரூ: கேள்வி பதில்

மரம், அலுமினியம், யூபிவிசி, இரும்பு என எந்த ஜன்னலாக இருந்தாலும் கைப்பிடி, தாழ்ப்பாள், கொக்கி பற்றிக் கேளுங்கள். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். ஆடுகிற கைப்பிடியை "இன்னும் ஒரு சுற்று இறுக்கிப் பார்ப்போம்" என்று இறுக்காதீர்கள். திருப்புளி வைத்ததும் ஸ்க்ரூ சும்மா சுற்றினால் பிடிப்பு ஏற்கெனவே போய்விட்டது. அதன்பிறகு நீங்கள் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் ஓட்டையைத்தான் பெரிதாக்கும்.

கும்பகோணத்திலிருந்து: இருபது வருஷத் தேக்கு ஜன்னல். கைப்பிடியின் இரண்டு ஸ்க்ரூவும் விரலால் இழுத்தாலே வந்துவிடுகின்றன. கதவையே மாற்ற வேண்டும் என்கிறார் ஆசாரி. மாற்றத்தான் வேண்டுமா ஐயா?

வேண்டாம். துளையைச் சுற்றி இரண்டு மூன்று மி.மீ. மரம்தான் தூளாகியிருக்கும், மற்றபடி கதவு நன்றாகவே இருக்கும். கழற்றிய ஸ்க்ரூவை வெளிச்சத்தில் பாருங்கள். இடுப்பு மெலிந்து, மரைகளுக்கு நடுவே கறுப்பாக மரத்தூள் அப்பியிருந்தால் காரணம் இரும்பு. மழைச்சாரல் பட்டுப்பட்டு ஸ்க்ரூ துருப்பிடிக்கும். அந்தத் துரு மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுப்பாகும். சுற்றியுள்ள நாரும் நாளடைவில் உளுத்துப்போகும். அதனால் திரும்பவும் இரும்பு ஸ்க்ரூ போடக் கூடாது. பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான்.

முதல் வழி, நீளமான ஸ்க்ரூ. பழையது 8 நம்பரில் 19 மி.மீ. என்றால் அதே நம்பரில் 25 மி.மீ. போட்டுப் பாருங்கள். நுனியின் 6 மி.மீ. புது மரத்தைக் கவ்வும். கதவுச் சட்டத்தின் தடிமனை அளக்காமல் இதைவிட நீளம் வாங்காதீர்கள். மறுபக்கம் 5 மி.மீ. மரமாவது மிஞ்ச வேண்டும்.

அதுவும் பிடிக்காவிட்டால் ஆப்பு வைப்பதுதான் வழி. 8 மி.மீ. பிட்டில், 25 மி.மீ. தூரத்தில் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். அந்த ஆழத்துக்கு மட்டும் துளையை அகலப்படுத்தி, தூளை ஊதி எடுங்கள். மரக்கடையில் கழிவாகக் கிடக்கும் தேக்குத் துண்டைத் துளைக்கு இறுக்கமாகச் சீவிக்கொள்ளுங்கள். துளைச் சுவரிலும் குச்சியிலும் ஃபெவிகால் தடவி, சுத்தியலால் லேசாகத் தட்டி இறக்குங்கள். ஒரு முழு நாள் தொடாதீர்கள். பிறகு உளியால் மட்டமாகச் சீவி, நடுவில் 3 மி.மீ. துளை போட்டு, ஸ்க்ரூவில் சோப்பு தேய்த்து ஏற்றுங்கள்.

பித்தளை ஸ்க்ரூ மெத்தென்றது. தேக்கில் நேரடியாக ஏற்றினால் தலை முறிந்து, தண்டு உள்ளேயே நின்றுவிடும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஏற்றி, மரை வெட்டிக் கழற்றிவிட்டு, அந்தப் பாதையில் பித்தளையை ஏற்றுங்கள். கடைசி இரண்டு சுற்று கட்டாயம் கைத்திருப்புளியால். மிஷினால் அல்ல.

திருச்சியிலிருந்து: இவ்வளவு எதற்கு சார்? ஓட்டையில் எம்-சீல் அடைத்து, ஈரமாக இருக்கும்போதே ஸ்க்ரூவைச் செருகினால் அரை மணி நேர வேலை. எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இரும்புக்கும் சுவருக்கும் எம்-சீல் அருமையான பொருள். மரத்தில் ஸ்க்ரூவைப் பிடிக்க அதை நம்பாதீர்கள். மரம் மழைக்காலத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். எம்-சீல் அப்படி அசையாது. ஒரு வருஷம் போனால் மரத்துக்கும் எம்-சீலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும், அதில் தண்ணீர் இறங்கும். கடைசியில் ஸ்க்ரூ, எம்-சீல் உருண்டை, கைப்பிடி மூன்றும் சேர்ந்து ஒரே துண்டாகக் கையோடு வரும். அப்போது ஓட்டை 12 மி.மீ. ஆகியிருக்கும்.

மறுபடி திருச்சி: மரக்குச்சியிலும் குறை இருக்கிறதே? குச்சியின் நார் துளையின் நீளவாக்கில் போகிறது. ஸ்க்ரூ நாருக்கு இணையாக இறங்கினால் பிடிப்பு குறைவு என்று நீங்களேதான் முன்பு கதவுக் கீல் பற்றிச் சொன்னீர்கள்.

சரியான கேள்வி. நாருக்குக் குறுக்கே ஏறும் ஸ்க்ரூதான் நன்றாகப் பிடிக்கும், நாரோடு இணையாக இறங்குவது அவ்வளவு பிடிக்காது. அதற்காகத்தான் குச்சி இறுக்கமாக இருக்க வேண்டும் என்றேன். ஸ்க்ரூ ஏறும்போது குச்சி விரிந்து பழைய மரத்தை அழுத்தும், பிடிப்பில் பாதி அங்கிருந்து வருகிறது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் பலகையின் முகத்திலிருந்து, அதாவது நாருக்குக் குறுக்காக, பிளக் கட்டர் பிட்டால் வட்டத் துண்டு வெட்டி எடுங்கள். ஒட்டும்போது அதன் நார்க்கோடும் கதவின் நார்க்கோடும் ஒரே திசையில் ஓடட்டும். ஸ்க்ரூ இப்போது நாருக்குக் குறுக்கே போகும். பாலிஷ் போட்டபின் ஒட்டு போட்டதும் தெரியாது.

பொள்ளாச்சியிலிருந்து: திருச்சி நண்பர் சொல்வதுதான் சரி. எங்கள் வீட்டு எம்-சீல் ஆறு வருஷமாக நிற்கிறது. தேக்குத் துண்டு, பிளக் கட்டர் என்று அலைய யாருக்கு நேரம்?

வெயிலும் சாரலும் படாத உள்வாசல் ஜன்னலாக இருந்தால் நிற்கும்தான். தெற்கு மேற்குப் பார்த்த ஜன்னலில் அதே வேலையைச் செய்து இரண்டு மழைக்காலம் பாருங்கள். நேரமில்லை என்றால் எம்-சீலைவிடச் சீக்கிரமான வழி ஒன்று உண்டு. இரண்டு ஸ்க்ரூவுக்கும் பதில் ஊடுருவும் போல்ட். கதவின் தடிமனுக்கு ஏற்ற எம்-5 (5 மி.மீ. தடிமன்) ஸ்டெயின்லெஸ் போல்ட், வெளிப்பக்கம் அகல வாஷர், தொப்பி நட்டு. 5.5 மி.மீ. துளை இரண்டு. பத்து நிமிஷ வேலை, தினமும் இழுத்துச் சாத்தும் கனமான கதவுக்கு இதுதான் நிலைக்கும். தரைத்தளமாக இருந்தால் நட்டு உள்பக்கம் வரட்டும், வெளியிலிருந்து யாரும் கழற்ற முடியாது.

மீண்டும் திருச்சி: தீக்குச்சி, தென்னை ஈர்க்கு?

தீக்குச்சி மருந்தைக் கிள்ளிவிட்டு, பசை தொட்டு இரண்டு மூன்று செருகுங்கள். கொக்கி மாதிரி சின்னச் சுமைக்குப் போதும். ஈர்க்கு வழவழப்பானது, தோலைச் சீவினால்தான் பசை ஒட்டும். எம்-சீல் விவாதம் இத்துடன் போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மதுரையிலிருந்து: கைப்பிடி திருப்ப ரொம்ப இறுக்கமாக இருக்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா அண்ணா?

விடாதீர்கள். நாளானால் பிசுக்காகி, தூசியைப் பிடித்து, அரக்கு மாதிரி உறையும். உலோகத்துக்குத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. யூபிவிசிக்கும் ரப்பர் பட்டைக்கும் சிலிக்கான் ஸ்ப்ரே. சாவித் துளைக்கு எண்ணெயே வேண்டாம், பென்சில் கரியைப் பொடித்துப் போடுங்கள்.

வேளச்சேரியிலிருந்து: யூபிவிசி ஜன்னல், நான்காவது மாடி. கைப்பிடி சுற்றிக்கொண்டே இருக்கிறது, பூட்டு விழவில்லை. ஸ்க்ரூ எதுவும் கண்ணில் படவில்லை.

ஸ்க்ரூ மறைந்திருக்கிறது. கைப்பிடியின் அடித்தகட்டில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். கைப்பிடியைப் படுக்கைவசமாகத் திருப்பி, மூடியை நகத்தால் லேசாகத் தூக்கி 90 டிகிரி சுழற்றுங்கள். மேலும் கீழும் இரண்டு எம்-5 ஸ்க்ரூ தெரியும். பெரும்பாலான மாடல்களில் அவற்றுக்கு நடுவிலான தூரம் 43 மி.மீ. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சதுரக் கம்பி 7 மி.மீ.

நான்காவது மாடி என்பதால் கதவைத் திறந்து, நிலையோடோ கிரில்லோடோ கயிற்றால் கட்டிவிட்டுத் தொடங்குங்கள். காற்றில் கதவு அறைந்தால் விரல் நசுங்கும், கழன்ற ஸ்க்ரூ கீழே யார் தலையிலாவது விழும்.

கழற்றியதும் ஒரு சோதனை. அந்தச் சதுரக் கம்பியை, அல்லது சரியாகப் பொருந்தும் தட்டைத் திருப்புளியை, கதவிலுள்ள துளையில் விட்டுத் திருப்புங்கள். விளிம்பிலுள்ள பூட்டு முனைகள் மேலும் கீழும் நகர்ந்தால் பூட்டு நன்றாக இருக்கிறது, கைப்பிடிதான் போயிற்று. முனைகள் அசையாவிட்டால் உள்ளே கியர் பெட்டி உடைந்திருக்கிறது. புதுக் கைப்பிடி வாங்கினாலும் பயனில்லை, கியர் பட்டையைத்தான் மாற்ற வேண்டும்.

கைப்பிடிதான் என்றால், அடித்தகட்டிலிருந்து கம்பி எத்தனை மி.மீ. நீட்டுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். பலரும் சறுக்குவது இதில்தான். கம்பி குட்டையானால் கியரை எட்டாது, புதுக் கைப்பிடியும் பழையது போலவே சும்மா சுற்றும். நீளமானால் தகடு கதவில் ஒட்டி உட்காராது. அதற்கு ஹேக்சாவால் மிச்சத்தை அறுத்துவிடலாம். எதற்கும் பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். கைபேசிப் படத்தில் மி.மீ. தெரியாது.

பல்லாவரத்திலிருந்து: எங்களதும் யூபிவிசி. சாத்தியபிறகு கைப்பிடியைக் கீழே திருப்ப முடியவில்லை. கைப்பிடியை மாற்றவா?

கதவைத் திறந்துவைத்துத் திருப்பிப் பாருங்கள். அப்போது லேசாகத் திரும்பினால் கைப்பிடியில் குறையில்லை. கதவு தொங்கி, பூட்டு முனைகள் நிலையிலுள்ள கொண்டியில் இடிக்கின்றன. முனையில் லிப்ஸ்டிக் தடவி மெல்லச் சாத்தித் திறந்தால் எங்கே இடிக்கிறது என்று தடம் விழும். கொண்டியின் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒன்றிரண்டு மி.மீ. நகர்த்துங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் கீலில்தான் கோளாறு. பலம் கொண்டு திருப்பினால் உள்ளேயிருக்கும் கியர் உடையும். கைப்பிடியைவிட அதற்கு அதிகம் செலவாகும்.

தூத்துக்குடியிலிருந்து: அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல். பூட்டின் ஸ்க்ரூ பிடிக்கவில்லை, சுற்றி வெள்ளையாகப் பொடி உதிர்கிறது.

கடற்கரை ஊர்களின் வழக்கமான நோய் இது. அலுமினியத்தில் சாதா இரும்பு ஸ்க்ரூ, மேலே உப்புக் காற்று. இரண்டு உலோகம் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். பொடியைத் தூரிகையால் சுத்தமாகத் துடைத்து எடுங்கள். 8 நம்பர் ஸ்க்ரூ இருந்த துளையில் 10 நம்பர் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ ஏறும். கடலுக்குப் பக்கத்தில் 304 ரகத்தைவிட 316 நல்லது. ஏற்றும் முன் ஸ்க்ரூவில் கிரீஸ் தடவுங்கள், உப்புத்தண்ணீர் உள்ளே புகாது. துளை அதற்கும் பெரிதாகியிருந்தால் ரிவெட் நட்டு, அதாவது துளையிலேயே இறுகி நிற்கும் மரையுள்ள குழல், அடிக்க வேண்டும். அலுமினியப் பட்டறையில் அதற்கான கருவி இருக்கும், பூட்டோடு போய் அடித்துக்கொள்ளுங்கள்.

விருதுநகரிலிருந்து: கைப்பிடி கிறீச்சென்று சத்தம் போடுகிறது. என்ன எண்ணெய் விடுவது?

மேலே மதுரைக்காரருக்குச் சொன்னதுதான்.

காஞ்சிபுரத்திலிருந்து: விளக்கெண்ணெய்?

வேண்டாம். சமையலறையிலும் பூஜையறையிலும் உள்ள எந்த எண்ணெயும் வேண்டாம்.

பெரம்பூர், ரயில்வே குடியிருப்பிலிருந்து: பழைய இரும்பு ஜன்னல். கைப்பிடி ரிவெட் அடித்தது, லொடலொடவென்று ஆடுகிறது. ஸ்க்ரூவே இல்லையே, என்ன செய்ய?

ரிவெட்டின் ஒரு முனையில் கனமான இரும்பை முட்டுக்கொடுத்து ஒருவர் பிடிக்கட்டும். மறுமுனையை உருண்டைத்தலைச் சுத்தியலால் சின்னச் சின்னதாக, சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் கண்ணாடி போய்விடும், கண்ணாடிப் பக்கம் தடித்த துணியைத் தொங்கவிடுங்கள். நாலைந்து தட்டுக்கு ஒருமுறை கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள், ரொம்ப இறுகினால் திரும்பவே திரும்பாது. ரிவெட் தேய்ந்து மெலிந்திருந்தால் துளையிட்டு எடுத்துவிட்டு, போல்ட்டும் நைலான் நட்டும் போடுங்கள். சாதா நட்டு, திருப்பத் திருப்பக் கழன்றுவிடும். பழைய பெயிண்டையும் சுரண்டிவிடுங்கள், இந்த ஜன்னல்களில் பாதி இறுக்கம் அடுக்கடுக்கான பெயிண்டால்தான் வருகிறது.

சிங்கப்பூரிலிருந்து: வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல். கைப்பிடி ஆடுகிறது, கதவும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நானே சரிசெய்யலாமா?

கதவு இறங்கியிருக்கிறது என்றால் கைப்பிடியை விடுங்கள், முதலில் கீலைப் பாருங்கள். அங்கே இத்தகைய ஜன்னல்களில் அலுமினிய ரிவெட்டுகளை ஸ்டெயின்லெஸ் ரிவெட்டாக மாற்றியாக வேண்டும் என்பது 2004 முதல் சட்டம். ரிவெட் அரித்துப்போய் முழுக் கதவும் கீழே விழுந்ததால் வந்தது அது. அங்கீகாரம் பெற்ற ஜன்னல் ஒப்பந்தக்காரரை அழையுங்கள். அவர் வரும்வரை அந்த ஜன்னலைத் திறக்காதீர்கள்.

சேலத்திலிருந்து: வாடகை வீடு. உடைந்த கைப்பிடிக்கு யார் பணம் தர வேண்டும்?

ஒப்பந்தத்தைப் பாருங்கள், வீட்டுக்காரரிடம் பேசுங்கள். மாற்றினால் பழையதை எறியாமல் வையுங்கள்.

ஈரோட்டிலிருந்து: கார் ஜன்னல் சுற்றும் கைப்பிடி உடைந்துவிட்டது.

மெக்கானிக்கிடம் போங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: புதுக் கைப்பிடி வாங்கிவந்தேன், துளைகள் 5 மி.மீ. தள்ளி இருக்கின்றன. மரக்கதவு. பழைய துளைக்குப் பக்கத்திலேயே புதுத் துளை போடலாமா?

பழையதைக் கடைக்குக் கொண்டுபோயிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. பக்கத்தில் போட்டால் நடுவிலுள்ள மெல்லிய மரம் உடைந்து இரண்டும் ஒரே ஓட்டையாகும். மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பழைய துளைகளுக்கு ஆப்பு வைத்து, ஒரு நாள் காயவிட்டு, பிறகு துளையுங்கள். கைப்பிடியை விளிம்புக்கு 20 மி.மீ. உள்ளே தள்ளி வைத்தால் மரம் பிளக்காது.

மதுரையிலிருந்து இன்னொருவர்: நல்லெண்ணெய் பரவாயில்லையா?

தையல் மிஷின் எண்ணெய். இரண்டு சொட்டு.