பாடம் தமிழில் இருந்தால் போதுமா?

கேள்வி: ஊடகக் கற்கை மாணவி நான். 'பத்திரிகையின் நான்கு கோட்பாடுகள்', செய்தி விழுமியங்கள் (ஒரு நிகழ்வைச் செய்தியாக்கும் அம்சங்கள்) எல்லாவற்றையும் தமிழிலேயே படிக்கிறோம். இதைக் காலனித்துவ நீக்கம் (நம்மை ஆண்டவர்களின் சிந்தனைப் பிடியிலிருந்து விடுபடுதல்) எனலாமா?
- வாசகி, நிலாவெளி

பதில்: அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் பக்கத்தில் அது எந்த ஊரில், எந்த ஆண்டில், எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று குறியுங்கள். செய்தி விழுமியப் பட்டியலின் வேர், கல்டுங், ரூகே என்ற இருவர் 1965 இல் எழுதிய கட்டுரை. கொங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நான்கு நோர்வேப் பத்திரிகைகள் எப்படி எழுதின என்று பார்த்து 12 காரணிகளைச் சொன்னார்கள். வெளிநாட்டுச் செய்தி கோணலாவதைக் காட்டி, அதைத் திருத்தவும் வழி சொன்ன கட்டுரை அது. நம் பாடக்குறிப்புகளில் அந்தக் கோணலே இலக்கணமாகிவிட்டது! அதிகாரவாதம், சுதந்திரவாதம், சமூகப் பொறுப்பு, சோவியத் பொதுவுடைமை என்ற நான்கு கோட்பாடுகளோ 1956 இல் பனிப்போர் அமெரிக்காவில் எழுதப்பட்டவை. 1841 இல் யாழ்ப்பாணத்தில் மிஷனரிமார் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடத்திய 'உதயதாரகை' அந்த நான்கில் எதற்குள் அடங்கும்? எழுதிப் பாருங்கள், திணறுவீர்கள்.

அடுத்து, ஒரு மாதப் பத்திரிகைகளிலிருந்து திருகோணமலை மீனவர் செய்திகளை வெட்டி எடுங்கள். யார் பேசுகிறார், முதலில் யார், பெயர் உண்டா, எங்கே சரிபார்த்தது என நான்கு நிரல் போடுங்கள். முதல் பத்துத் துண்டுகளை இருவர் தனித்தனியே நிரப்புங்கள்; விடை முரண்பட்டால் வரையறை தெளிவில்லை, அதைத் திருத்திவிட்டுத் தொடருங்கள். சங்கத் தலைவரின் அறிக்கையை மீனவர் குரல் என்று எண்ணிவிடாதீர்கள், எல்லோரும் சறுக்கும் இடம் அது.

'சட்டவிரோத வலையுடன் ஐவர் கைது, கடற்படை தெரிவிப்பு' என்ற மாதிரித் தலைப்பை எடுங்கள். சுருக்குவலையா, கரைவலையா, தங்கூசி வலையா? உரிமம் இருந்ததா? பிடிபட்டது எந்தக் கரையில்? சம்மாட்டி (வலை, படகு உரிமையாளர்) என்ன சொல்கிறார்? இவை இல்லாவிட்டால் அது அரச அறிவித்தல்தான்.

சரிபார்ப்பையும் 'மேற்கத்தையது' என்று தள்ளுபவர்கள் உண்டு. அது பிழை. 2006 ஜனவரி 2 இல் திருகோணமலைக் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்கள் கைக்குண்டு வெடித்து இறந்ததாகச் சொல்லப்பட்டது. ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜனின் படங்களில் துப்பாக்கிக் காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24 ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கேள்வி: கடற்படை அறிக்கைக்கு வெளியே தகவல் எடுப்பது எப்படி?
- வாசகர், மூதூர்

பதில்: 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கடற்றொழில் திணைக்களத் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 'எல்லா விபரமும்' என்று கேட்டால் இழுபடும். ஒரு மாதம், ஒரு கரை, வலை வகை, வழக்கு எண்ணிக்கை என்று குறுக்கிக் கேளுங்கள்.