ஆளுநரின் துணைவியார்: நிபோங் திபாலிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

ஜூலை இரண்டாவது சனிக்கிழமை பினாங்கு ஆளுநரின் பிறந்தநாள் விடுமுறை. விருதுப் பட்டியலில் பி.ஜே.கே., பி.ஜே.எம். பதக்கம் வாங்கிய நம் ஊர்க்காரர் யார் என்று தேடிப் பார்ப்பதோடு நம் அக்கறை முடிந்துவிடும். இந்த முறை சிலர் ஆளுநர் பக்கத்தில் நிற்கும் அந்த அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வரலாறு சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பாரிட் புந்தாரில் வேலை செய்யும் தம்பி: டீச்சர், கிரியான் ஆற்றைத் தாண்டினால் பேராக்கில் ராஜா பெர்மைசூரி என்று அரசியார் இருக்கிறார். பண்டார் பாரு பக்கம் போனால் கெடாவின் சுல்தானா. நம் ஆளுநர் மனைவியும் அதே மாதிரிதானா?

இல்லை தம்பி. நம் நாட்டில் 9 மாநிலங்களுக்குப் பரம்பரை ஆட்சியாளர்கள். பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆகிய நான்குக்கு மட்டும் ஆளுநர், அதாவது யாங் டி பெர்துவா நெகிரி. முதலமைச்சரைக் கலந்தாலோசித்து மாமன்னர் அவரை நியமிக்கிறார். தவணை 4 ஆண்டுகள், மறுபடியும் நியமிக்கலாம். துன் அப்துல் ரஹ்மான் அப்பாஸ் அப்படித்தான் 2001 முதல் 2021 வரை நமக்கு ஆளுநராக இருந்தார்.

அரசியாருக்கு அரண்மனை மரபு இருக்கிறது, பட்டமேற்பு இருக்கிறது. ஆளுநரின் மனைவிக்கு அரசமைப்புச் சட்டத்தில் எந்த வேலையும் எழுதி வைக்கவில்லை. தவணை முடிந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஆளுநர் மாமன்னராகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்பதால், அவர் மனைவி ராஜா பெர்மைசூரி அகோங், அதாவது மாமன்னரின் அரசியார், ஆகவும் வழியில்லை. அதனால்தான் எனக்கு இவர்கள் மேல் அக்கறை. எந்த வேலையும் எழுதிக் கொடுக்காத இடத்தில் ஒரு பெண் தானாக என்ன செய்தாள் என்பதைப் பார்க்க வேண்டும்.

சுங்கை சிப்புட்டில் பிறந்து இங்கே குடியேறிய ஐயா: எங்கள் ஊர் தோ புவான் உமா சம்பந்தன் ஆளுநர் மனைவி இல்லையே? அவருக்கு எப்படி அந்தப் பட்டம்?

நல்ல கேள்வி ஐயா. தோ புவான் என்பது ஆளுநர் பதவியோடு ஒட்டிய பட்டம் இல்லை. கணவர் துன் என்ற உயர்ந்த விருதுப் பட்டம் பெற்றவர் என்றால் மனைவி தோ புவான். துன் சம்பந்தன் அமைச்சராக இருந்தவர், ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். அவருக்குத் துன் விருது கிடைத்ததால் அந்த அம்மா தோ புவான். ஆளுநர்களும் துன் பட்டம் பெறுவது வழக்கம் என்பதால் இரண்டும் ஒன்று போலத் தெரிகிறது. பதவி போனாலும் பட்டம் போகாது.

பெண் ஒருவர் தன் பெயரிலேயே விருது வாங்கினால் அவரும் துன்தான். பிரதமராக இருந்த மகாதீரின் மனைவி துன் டாக்டர் சித்தி ஹஸ்மாவை எல்லாருக்கும் தெரியும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்: எங்கள் காலத்தில் துரைசானியைப் பார்த்தாலே ஒதுங்கி நிற்போம். கவர்னரின் மனைவி பெரிய துரைசானிதானே? அவர்களால் யாருக்கு என்ன நன்மை?

பெரியவரே, உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

பினாங்கிலிருந்தே தொடங்குகிறேன். 1786-இல் தீவைக் கைப்பற்றி நிர்வாகம் நடத்திய ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட்டோடு வாழ்ந்தவர் மார்ட்டினா ரோசெல்ஸ். வெள்ளைக்காரி இல்லை, இந்தப் பக்கத்துக் கலப்பினக் குடும்பத்துப் பெண். 1794-இல் லைட் இறந்தபோது சஃபோக் தோட்டத்தையும் மற்றச் சொத்துகளையும் அவருக்கு எழுதி வைத்தார். எழுதி வைத்ததெல்லாம் அவர் கைக்கு வந்து சேரவில்லை. அவர் மகன் வில்லியம் லைட் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தைத் திட்டமிட்டவர் என்று புத்தகங்கள் கொண்டாடுகின்றன. பெற்றவளைப் பற்றி ஒரு பத்தி எழுதக்கூட அந்தப் புத்தகங்களுக்கு இடமில்லை. பினாங்கின் கதையை அவரிலிருந்து தொடங்க வேண்டும் என்று வகுப்பில் எப்போதும் சொல்வேன்.

அடுத்தவர் சீமாட்டி டெய்சி தாமஸ். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் கடைசிக் கவர்னர் சர் ஷெண்டன் தாமஸின் மனைவி. 1942 பிப்ரவரியில் ஜப்பான்காரன் சிங்கப்பூரை நெருங்கியபோது வெள்ளைக்காரப் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். இந்த அம்மா ஏறவில்லை. சரணடைந்த பிறகு கணவரைத் தைவானுக்குக் கொண்டுபோனார்கள். இவர் சாங்கி சிறையில் மற்றப் பெண் கைதிகளோடு கைதியாக இருந்தார். அதே ஜப்பான்காரன் காலத்தில் நம் தோட்டத்து ஆண்களை சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனான். அந்த வேதனையை இதோடு நான் சமன் செய்யவில்லை. ஆனால் தப்பிப் போக வழியிருந்தும் போகாத ஒருவரை மதிக்கத்தான் வேண்டும்.

போருக்குப் பிறகு கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அறிவித்த அவசரகாலத்தில், சுதந்திரம் வரும்வரை, பினாங்குக்குத் தனிக் கவர்னர் இல்லை, ரெசிடெண்ட் கமிஷனர்தான். நாடு முழுவதற்கும் ஒரு பிரிட்டிஷ் ஹை கமிஷனர். 1951 அக்டோபர் 6-ஆம் தேதி ஃபிரேசர் மலைப் பாதையில் அந்தப் பதவியில் இருந்த சர் ஹென்றி கர்னியைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள். அதே காரில் அவர் மனைவியும் இருந்தார். கர்னி காரைவிட்டு இறங்கித் தனியாக நடந்தார், குண்டு அவர் மேல் பாய்ந்தது, மனைவி உயிர் பிழைத்தார்.

கர்னிக்குப் பிறகு வந்த சர் ஜெரல்ட் டெம்ப்ளரின் மனைவிதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். 1952 முதல் 1954 வரைதான் இங்கே இருந்தார்கள். கிராமத்துப் பெண்கள் கூடித் தையலும் சமையலும் சுகாதாரமும் கற்கும் மாதர் சங்கங்களைப் பரப்ப அந்த அம்மா ஊர் ஊராகப் போனார். கணவரின் ஆட்சி போர்க்கால ஆட்சி. சோற்றைக்கூட ரேஷனில் அடைத்த ஆட்சி. அதற்கு மென்மையான முகம் கொடுக்கவே இதெல்லாம் என்று சொல்வாரும் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் காசநோய் ஏழைகளைக் கொன்று குவித்தது. கோலாலம்பூர் செராஸில் காசநோயாளிகளுக்காக எழுந்த மருத்துவமனைக்கு லேடி டெம்ப்ளர் என்றுதான் பெயர். இருமி இருமி இளைத்தவனுக்கு ஒரு கட்டில் கிடைத்ததே, அதை எந்த அரசியல் கணக்கிலும் கழிக்க எனக்கு மனம் வராது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: நம் நாட்டுப் பெண்களில் ஒருவரைச் சொல்லுங்கள் டீச்சர். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

புவான் நூர் ஆயிஷாவைச் சொல்லுங்கள் மா. பினாங்கில் வளர்ந்தவர். ஆங்கிலப் பள்ளிப் படிப்பு இல்லை. 1949-இல், 16 வயதில், பேராக்கில் பிறந்த பத்திரிகையாளர் யூசோப் இஸ்ஹாக்கைக் கல்யாணம் செய்துகொண்டார். 1959-இல் யூசோப் சிங்கப்பூரின் யாங் டி பெர்துவான் நெகாரா, அதாவது அரசுத் தலைவர், ஆனபோது இந்த அம்மாவுக்கு வயது 26, கையில் மூன்று பிள்ளைகள். 1963 முதல் 1965 வரை சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலம். ஆகவே அவர் நம் நாட்டு மாநிலத் தலைவரின் மனைவியாகவும் இருந்தவர்.

கவர்னர் மாளிகைக்குள் போனதும் அவர் பயந்து ஒதுங்கவில்லை. ஆங்கிலம் கற்றார். வெள்ளைக்காரச் சமையலே நடந்த அடுப்படியில் மலாய்ச் சமையலைச் சொல்லிக்கொடுத்தார். பெண் சாரணியர் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். 1968-இல் கணவர் நோயில் படுத்தபோது அவருடைய பொது நிகழ்ச்சிகள் சிலவற்றைத் தானே ஏற்று நடத்தினார். 2025 ஏப்ரலில் காலமானார். படிக்க வாய்ப்பில்லாமல் போன நம் வீட்டுப் பாட்டிமார்களைத் தெரிந்த பிள்ளைகளுக்கு இவர் கதை சட்டென்று புரியும்.

கல்லூரியில் படிக்கும் தங்கச்சி: பெண் ஒருவர் ஆளுநரானால் கணவரை என்னவென்று கூப்பிடுவார்கள்?

நம் நான்கு மாநிலங்களிலும் இதுவரை ஒரு பெண்கூட ஆளுநரானதில்லை. மனைவி துன் ஆனாலும் கணவருக்கு அதனால் பட்டம் வராது. தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பெண் ஆளுநராவது பழகிய விஷயம். ஜோதி வெங்கடாசலம் 1977 முதல் 1982 வரை கேரள ஆளுநர். தமிழிசை சௌந்தரராஜன் 2019-இல் தெலங்கானா ஆளுநரானார், கணவர் சிறுநீரக மருத்துவர். அமெரிக்காவில் 1925-இல் வையோமிங் மாநிலத்தில் நெல்லி டெய்லோ ராஸ் பதவி ஏற்றார், இறந்துபோன ஆளுநரின் மனைவி அவர். கணவரின் நிழலில் வராமல் ஒரு பெண் அங்கே ஆளுநராக 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, கனெக்டிகட்டில் எல்லா கிராஸோ. இங்கே இன்னும் காத்திருக்கிறோம். நீங்கள் படிக்கிற வேகத்தைப் பார்த்தால் நம்பிக்கை வருகிறது தங்கச்சி.

ஒரு அக்கா: பக்தி (BAKTI) அமைப்புக்கு ஆளுநரின் மனைவிதான் தலைவியா?

இல்லை அக்கா. பக்தி என்பது அமைச்சர்களின் மனைவிமார் நடத்தும் நலப்பணி அமைப்பு, பிரதமரின் மனைவி அதற்குத் தலைமை தாங்குவது வழக்கம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர்: எங்கள் பள்ளி விழாவுக்குத் தோ புவானை அழைக்கலாமா? எப்படி எழுதுவது?

தாராளமாக அழைக்கலாம். தலைமையாசிரியர் மூலமாக, ஆளுநர் அலுவலகத்துக்கு மலாயில் கடிதம் எழுதுங்கள். ஆளுநரை ‘துவான் யாங் தெருத்தாமா’ என்றும், அவர் மனைவியை ‘யாங் அமாட் பெர்பஹாகியா தோ புவான்’ என்றும் குறிப்பிட வேண்டும். பெயரின் எழுத்துகளை அலுவலகத்தில் கேட்டுச் சரிபாருங்கள். தேதி குறிக்குமுன் கேட்டால் நல்லது, மண்டபம் பதிவு செய்த பிறகு கேட்டால் சிரமம். நிகழ்ச்சி நிரல், எத்தனை பிள்ளைகள், அவர் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். மாலை போடலாமா, குங்குமம் வைக்கலாமா, சாப்பாடு என்ன என்பதை முன்கூட்டியே அதிகாரியிடம் கேட்டுவிடுங்கள். பேச்சை நீட்டாமல் பிள்ளைகளைப் பேச விடுங்கள். பள்ளி நூலகத்துக்கு என்ன தேவை என்ற ஒரு பக்கப் பட்டியலையும் கையில் வைத்திருங்கள். அவர் கேட்டால் உடனே கொடுக்கலாம்.