இரண்டு கிட்டார்களுக்கு ஒரே பேஸ் போதும்

வணக்கம். ஜாஸ் பயின்ற தாங்களும், அமெரிக்க நாட்டுப்புறப் பாணியான கன்ட்ரி வாசிக்கும் நண்பரும் சேர்ந்து கிட்டார் வாசித்தால் ஓசை குழம்பிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். குறை இசைவகையில் இல்லை. கீழ்ச்சுரங்களில் இருவரும் ஒரே இடத்தில் மோதிக்கொள்கிறீர்கள் என்றே கருதுகிறேன்.

அமெரிக்கக் கிட்டார் கலைஞர்களான செட் அட்கின்ஸும் லெஸ் பாலும் சேர்ந்து வாசித்து 1976இல் வெளிவந்த 'செஸ்டர் அண்ட் லெஸ்டர்' இசைத்தட்டைக் கேளுங்கள். கட்டைவிரலால் பேஸ் எனும் கீழ்ச்சுரத் தந்திகளை மாறி மாறி மீட்டிக்கொண்டே மற்ற விரல்களில் மெட்டை எடுப்பது அட்கின்ஸின் பாணி. பாலோ ஒற்றைச் சுர ஓட்டங்களில் வல்லவர். நண்பரும் கட்டைவிரல் பாணிக்காரரானால், பேஸை அவரிடமே விட்டு, தாங்கள் தடித்த ஐந்தாம், ஆறாம் தந்திகளை அடியோடு விட்டுவிட்டு, கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரத்தொகுப்பின்) மூன்றாவது, ஏழாவது சுரங்களை மட்டும் பிடித்துப் பாருங்கள். ஜி7 கார்டுக்கு நான்காம் தந்தியில் மூன்றாம் கட்டையும் (ஃப்ரெட்), மூன்றாம் தந்தியில் நான்காம் கட்டையும் போதும்.

இசைவகை தடையல்ல என்பதற்கு இவர்களே சான்று. லெஸ் பால் இளமையில் 'ரூபார்ப் ரெட்' என்ற பெயரில் கன்ட்ரி வாசித்தவர். அட்கின்ஸோ ஜாஸ் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தீவிர ரசிகர். அந்தத் தட்டில் இருவரும் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்ளும் பேச்சையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். எனக்கு அதுவும் வாசிப்பைப் போலவே பிடிக்கும்.