மருந்து தேடும் ஆய்வுக்கூடத்தில் மகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்?

கேள்வி: என் மகள் பாலிடெக்னிக்கில் உயிர்மருத்துவ அறிவியல் இறுதியாண்டு படிக்கிறாள். செடிகொடிகள், நுண்ணுயிர்களிலிருந்து மருந்து தேடும் பல்கலைக்கழக ஆய்வுக்குழுவில் வேலைப்பயிற்சி செய்ய ஆசைப்படுகிறாள். பேராசிரியருக்கு எழுதினால் போதுமா? அங்கே யார் யார் இருப்பார்கள்?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: பேராசிரியருக்குத்தான் எழுத வேண்டும். ஆளை எடுக்கும் முடிவும் ஆய்வு நிதியும் அவர் கையில். ஆனால் உங்கள் மகளுக்கு அன்றாடம் சொல்லிக்கொடுக்கப்போவது பெரும்பாலும் அவராக இருக்காது. பிஎச்டி முடித்துவிட்டு அங்கே ஆய்வாளராக இருக்கும் போஸ்ட்டாக் ஒருவரோ, மூத்த பிஎச்டி மாணவரோதான் பக்கத்தில் நிற்பார். "நான் யாரோடு வேலை செய்வேன்? அவரிடம் ஒருமுறை பேசலாமா?" என்று நேர்காணலிலேயே கேட்கச் சொல்லுங்கள். பேராசிரியரின் புகழைவிட இதையே நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

குழுவில் வேதியியல் ஆட்கள், உயிரியல் ஆட்கள் என்று இரு பக்கம் உண்டு. ஒரு பக்கம் இல்லாமல் மறுபக்கம் நகராது. புளோக் தாழ்வாரத் தொட்டிகளில் பூக்கிறதே நித்தியகல்யாணி, அதை 1950களில் கனடாவில் நீரிழிவுக்காக ஆராய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதைக் கவனித்தவர் ராபர்ட் நோபிள். அதற்குக் காரணமான வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுக்க சார்ல்ஸ் பியர் என்ற வேதியியலாளர் வேண்டியிருந்தது. அதே செடியில் கிடைக்கும் இன்னொரு பொருளான வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது.

வேதியியல் பக்கத்தில் இலையை உலர்த்தி அரைத்து, மெத்தனால் என்ற கரைப்பானில் ஊறவைத்து வற்றவைப்பார்கள். கரும்பச்சைப் பசை கிடைக்கும். சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயின் தலையில் அதை இட்டுக் கரைப்பானை ஊற்றினால், மஞ்சளும் பச்சையுமாகப் பட்டை பட்டையாகப் பிரிந்து இறங்கும். இறங்குவதைத் தனித்தனிக் குப்பிகளில் பிடித்து, எண்ணிட்டு, உயிரியல் பக்கம் கொடுப்பார்கள். அவர்கள் செல்கள்மீது சோதித்து, வேலைசெய்யும் குப்பி எது என்பார்கள். அதை மறுபடி பிரிப்பார்கள். ஒரு குப்பியில் எண் மாறினாலும் மாதக்கணக்கான உழைப்பு வீண். பயிற்சிக்கு வருபவர்களிடம் முதலில் ஒப்படைப்பது குப்பிகளைப் பிடித்து எண்ணிடும் இந்த வேலையைத்தான், எனவே கையெழுத்தும் குறிப்பேடும் சுத்தமாக இருக்கட்டும். பிரித்த பொருள் என்னவென்று கண்டறியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், என்எம்ஆர் கருவிகள் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பலரும் மறந்துவிடும் ஆள் தாவரவியலாளர். 1987இல் சரவாக்கில் சேகரித்த ஒரு மரத்தின் மாதிரி, எச்ஐவி கிருமியைத் தடுப்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தால் மரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள்! நம் பூமலையில் (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில்) நின்ற அதே இன மரங்கள்தான் கைகொடுத்தன. அந்த மரத்திலிருந்து பிரித்த கலனோலைடு என்ற பொருள் இன்னும் மருந்தாகக் கடைக்கு வரவில்லை என்பது வேறு விஷயம். எந்தச் செடி என்று பின்னால் உறுதிசெய்ய, சேகரித்த ஒவ்வொன்றிலும் ஒரு கிளையை உலர்த்திக் காப்பகத்தில் வைக்கும் குழுவா என்று விசாரியுங்கள். வைப்பவர்கள் மற்றதிலும் ஒழுங்காக இருப்பார்கள். பூங்காவில் ஓர் இலை பறிக்கவும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் மகளிடம் சொல்லிவையுங்கள்.

ஆய்வுக்கூட அதிகாரி என்று ஒருவர் இருப்பார். ரசாயனம் வாங்குவது, கழிவை அகற்றுவது, பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் அவர் பொறுப்பு. பேராசிரியருக்குக் காட்டும் மரியாதையில் ஒரு துளியும் அவருக்குக் குறையக்கூடாது.

கடிதம் அரைப் பக்கம் போதும். பைப்பெட்டால் திரவம் அளப்பது, செல் வளர்ப்பு என்று தன் கையால் செய்து பழகியதையும், எந்தப் பக்கத்தில் சேர விருப்பம் என்பதையும், எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு காலம் என்பதையும் எழுதட்டும். ஆஸ்துமா இருந்தால் மறைக்க வேண்டாம், கரைப்பான்களின் நெடி ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அனுப்புவதற்கு முன், மாணவர் தானாகத் தேடிய இடத்தைப் பாலிடெக்னிக் ஏற்குமா என்று வேலைப்பயிற்சிப் பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.