சிக்கனமாக வாழ்ந்து வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைப்பது பயன் தருமா?

பயன் தரும்; அதிலும் கடனின் தொடக்க ஆண்டுகளில்தான் மிகுதி. 20 லட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால், ஏறத்தாழ 18,000 ரூபாயாகும் முதல் தவணையில் 15,000 வட்டிக்கே போய்விடுவதால், அம்மாதம் கூடுதலாகக் கட்டும் 3,000 ரூபாய் கடைசித் தவணை ஒன்றையே ஏறக்குறைய இல்லாமல் ஆக்கிவிடும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வசூலிப்பதை ரிசர்வ் வங்கி தடைசெய்துள்ளது. தவணைத் தொகையை அல்ல, காலத்தைக் குறைக்குமாறு கடன் தந்த வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

குமரி மாவட்டத்தில் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளையும் (மத்தி மீன்) மலிவாகக் கிடைக்கும் நாட்களில் அடுக்களைச் செலவும், வீட்டுத் தேங்காயைக் காயவைத்துச் செக்கில் ஆட்டினால் எண்ணெய்ச் செலவும் குறையும் (மீன் பொரிக்க அதுவே சுவையும்கூட). ரப்பர் வருமானத்தை நம்பியிருப்போர், மழைக்காலத்தில் பால்வெட்டு தடைபடும் என்பதால், சில மாதத் தவணையைக் கையிருப்பாக வைத்தபின்பே கூடுதலாகக் கட்டவேண்டும். மருத்துவக் காப்பீட்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.