வாசகர் கேள்வி: சிரட்டைத் தண்ணியும் ஒரு எழுத்தும்

கேள்வி (நாகர்கோவில் வாசகி): 2007-ல கேரளாவுல சிக்குன்குனியா ஆட்டிப் படைச்சப்போ ரப்பர் தோட்டத்துல வேலை பாத்த எங்க சித்தப்பாவுக்கும் வந்து, ரெண்டு மாசம் டம்ளரைக்கூட புடிக்க முடியல. ரியூனியன் தீவுல இருந்து வந்த வைரஸ்னு அப்போ பேசிக்கிட்டாங்க, நெசமா?

பதில்: பாதிதான் நெசம். அந்த வைரஸ் 2004-ல கென்யா கரையோரத்துல கெளம்பி, கொமொரோஸ் தீவுகள் வழியா 2005-ல இந்தியப் பெருங்கடல்ல இருக்கற ரியூனியனுக்குப் போச்சு. எட்டு லட்சம் பேர்கூட இல்லாத அந்தத் தீவுல மூணுல ஒருத்தருக்கு காய்ச்சல்! வழக்கமா இதைப் பரப்புற ஏடிஸ் எஜிப்டி கொசு அங்க ரொம்பக் கம்மி, இருந்ததெல்லாம் காலுல வெள்ளை வரி போட்ட புலிக்கொசு, அதான் ஏடிஸ் அல்போபிக்டஸ். அப்புறம் எப்படி இவ்ளோ பரவுச்சுன்னு நோயாளிங்க ரத்தத்துல இருந்த வைரஸோட மரபணுவ படிச்சுப் பாத்தாங்க. வைரஸோட மேல்தோல்ல இருக்கற ஈ1-ங்கற புரதத்துல 226-வது எடத்துல அலனைன்ங்கற அமினோ அமிலம் (புரதத்தைக் கோக்குற மணி மாதிரி) இருக்கணும், ஆரம்பத்துல எடுத்த சாம்பிள்ல அதுதான் இருந்துச்சு, 2005 செப்டம்பருக்கு அப்புறம் எடுத்ததுல பத்துல ஒம்போதுக்கு மேல வேலைன்ங்கற வேற அமினோ அமிலமா மாறியிருந்துச்சு. வைரஸோட மரபணுவுல இருக்கற மொத்தம் சுமார் 11,800 எழுத்துல ஒரே ஒரு எழுத்துப் பிழை, அதனால புலிக்கொசு வயித்துல வைரஸ் சுலபமா ஒட்டிக்கிச்சு.

இந்தியாவுல 2006-ல பரவுனதுல இந்த மாற்றம் இல்ல, 2007-ல கேரளாவுல எடுத்ததுல இருந்துச்சு. உடனே தீவுல இருந்து வந்திருச்சுன்னுதான யாருக்கும் தோணும்? இங்கதான் விஷயமே இருக்கு. காப்பி அடிச்ச பசங்கள வாத்தியார் எப்படிப் புடிப்பார், விடை ஒண்ணா இருக்கறத வச்சு இல்ல, ஒரே மாதிரி தப்பு வரிசையா இருக்கறத வச்சு. கேரளா வைரஸோட மத்த பிழையெல்லாம் 2006 இந்திய வைரஸோடதான் ஒத்துப்போச்சு, தீவு வைரஸோட இல்ல. அப்போ கேரளா வைரஸும் தீவு வைரஸும் அக்கா தங்கச்சி மாதிரி, அந்த ஒரு மாற்றம் இங்க தனியா, தானாவே வந்திருக்கு. ஏன்னா எடம் அப்படி. மழைக்கு ரப்பர் பால்வெட்டு நின்னதும் பால் புடிக்க மரத்துல கட்டுன சிரட்டை எல்லாம் தண்ணி ரொம்பி நிக்கும், புலிக்கொசுவுக்கு வேற என்ன வேணும். அதே வருஷம் கேரளாவுல இருந்து போன ஒரு பயணி மூலமா இத்தாலியில ஒரு சின்ன ஊருல சுமார் 200 பேருக்கு வந்துச்சு, அங்க பரப்புனதும் புலிக்கொசுதான், வைரஸ்லயும் அதே மாற்றம்.

கேள்வி (கோவை, பயோடெக் மாணவர்): நோய் பரவிக்கிட்டு இருக்கும்போதே மரபணுவ படிக்க முடியுமா சார்?

பதில்: முடியும்பா, பிரேசில்ல ஜிகா (இதுவும் கொசு பரப்புற வைரஸ்தான்) வந்தப்போ 2016-ல ஒரு பஸ்ஸையே லேப் ஆக்கி வடகிழக்கு மாநிலங்கள்ல ஊர் ஊரா போனாங்க, லேப்டாப்ல சொருகுற மினியான்னு மரபணு படிக்கிற ஒரு கையடக்க மெஷின் வச்சு. சிக்கல் என்னன்னா ரத்தத்துல ஜிகா வைரஸ் ரொம்ப கம்மியாத்தான் இருக்கும். அதனால மரபணுவ சுமார் 400 எழுத்துத் துண்டுகளா, ஓலைக்கூரை வேயற மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நிக்கற மாதிரி பிசிஆர்ல (நகல் மேல நகல் எடுக்கற முறை) பெருக்குவாங்க, ஒத்தைப்படைத் துண்டு ஒரு ட்யூப், ரெட்டைப்படைத் துண்டு இன்னொரு ட்யூப், இல்லன்னா பக்கத்துத் துண்டுங்க ஒண்ணோட ஒண்ணு மோதிக்கும். ப்ரைமர், அதான் நகல் எடுக்கறத ஆரம்பிச்சு வைக்கிற குட்டித் துண்டு, ஒட்டுற எடத்துலயே வைரஸ் மாறியிருந்தா அந்தத் துண்டு வராது, ஓட்டை விழும், அந்த ஓட்டைய பழைய வைரஸோட எழுத்த வச்சு ரொப்பிடாத, மாறுன எடத்தையே மறைச்ச மாதிரி ஆயிரும். ஒரே ஆளு ஒடம்புக்குள்ள நாலஞ்சு ரகம் கலந்திருக்கறத பாக்கணும்னா அதே சாம்பிள ரெண்டு தடவை தனித்தனியா பண்ணு, ரெண்டுலயும் வந்தாத்தான் நம்பு.

இவ்ளோ கஷ்டப்பட்டு தெரிஞ்சது என்னன்னா, 2015 மே மாசம்தான் பிரேசில்ல ஜிகா உறுதியாச்சு, ஆனா பிழை ஓரளவு சீரான வேகத்துல சேரும்ங்கறதால, மரபணுப் பிழைய எண்ணிப் பின்னாடி போனா 2014 பிப்ரவரிலயே உள்ள வந்திருச்சு. ஒரு வருஷத்துக்கு மேல டெங்கு, சிக்குன்குனியா கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சு சுத்தியிருக்கு.

கேள்வி (மதுரை வாசகர்): என் ரத்தத்தையும் இந்த மாதிரி படிச்சா எனக்கு மருந்து மாத்துவாங்களா?

பதில்: மாத்த மாட்டாங்கண்ணே. எந்த ரகமா இருந்தாலும் ஓய்வு, தண்ணி, பாராசிட்டமால்தான். டெங்கு இல்லன்னு தெரியற வரைக்கும் வலிக்குதேன்னு நீங்களா கடையில வேற வலி மாத்திரை வாங்கிப் போடாதீங்க.