24 கிராம் போட்டால் மட்டும் சிக்குது: 12 போர் செமி ஆட்டோ ஷாட்கன்

28 கிராம் ஈயக்குண்டு உள்ள தோட்டா ஒழுங்கா ஓடுது, 24 போட்டா வெற்றுக்கூடு வெளியே விழாம நிக்குதுன்னு கேட்டிருந்தீங்க. சுடும்போது வர்ற வாயுவுல (கேஸ்) இயங்குற மாடல்னா முதல் சந்தேகம் கரிதான். 24-ல வாயு குறைவு. வாயு தள்ளுற பிஸ்டன் கொஞ்சம் இழுபட்டாலும், வெற்றுக்கூட்டை வெளியே இழுக்கிற போல்ட் முழுசா பின்னால போகாது.

சேம்பர் (சுடுற தோட்டா உக்கார்ற இடம்), மேகசின் (மத்த தோட்டாக்கள் இருக்கிற குழாய்) ரெண்டும் காலியான்னு விரல் விட்டுப் பாத்துட்டு முன்கட்டையைக் கழட்டுங்க. பேரலுக்கு அடியில வளையத்துக்குள்ள இருக்கிற கேஸ் துளையில சால்வென்ட் விட்டு, பத்து நிமிஷம் ஊறினதும் பைப் கிளீனரால எடுங்க. பிஸ்டன், மேகசின் குழாயின் வெளிப்பக்கம் துடைச்சு, எண்ணெய் தொட்ட துணியால ஒரே ஒரு பூச்சு. எண்ணெய் பளபளன்னு நின்னா கரியோட சேர்ந்து பசையாயிடும். பாதிப் பேர் மாட்டுறது இதுலதான். மேகசின் மூடி தளர்ந்திருந்தாலும் இதே கோளாறு.

அப்பவும் சிக்கினா, ஸ்டாக்குக்குள்ள (தோள்ல வைக்கிற கட்டை) போல்ட்டை முன்னால தள்ளுற ரிட்டர்ன் ஸ்பிரிங் இருக்கிற மாடலான்னு பாருங்க. பெங்களூர் மழை ஈரத்துல அது துருப்பிடிக்கும், யாரும் திறந்தே பாக்கிறதில்ல.

கேஸ் துளையைப் பெருசாக்காதீங்க. அப்புறம் கனமான தோட்டாவுல போல்ட் வேகமா மோதி, அது ஓடுற உடல்பகுதியான ரிசீவர் அடிவாங்கும். சோக் (பேரல் முனையில இருக்கிற குறுக்கம்) மாத்துறது குண்டு சிதறலுக்கு மட்டும்தான், இதுக்கு மருந்தில்ல. பேரலைக் குட்டையாக்குற யோசனையை விட்டுடுங்க. 1959 ஆயுதச் சட்டம் 6-வது பிரிவுப்படி அதுக்குன்னே தனி உரிமம் வேணும்.